செம்புள்ளி கண்ட டி மார்கன்

மறைந்தவர்களுள் சிலருடைய பெயர் ஊர்களில் வாழ்கிறது. சிலருடைய பெயர் சிலைகளில் வாழ்கிறது. சிலருடைய பெயர் அவர்கள் எழுதிய நூல்களில் வாழ்கிறது. மனிதருடைய தோலின்மேல் தோன்றும் கடுகளவு செம்புள்ளியில் வாழும் பெயர் ஒன்றும் உண்டு. காம்பெல் டி மார்கன் என்பது அப்பெயர். அவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலண்டன் மாநகரில் வாழ்ந்த அறுவை மருத்துவர். அவருடைய வாழ்க்கையை நம் மன்றத்து நண்பர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கணிதம் பயிலும் நண்பர்கள் இப்பெயரைக் கண்டதும், இவர் நமக்குத் தெரிந்தவர் ஆயிற்றே என்று எண்ணக்கூடும். கணங்களைப் பற்றியும் தருக்கத்தைப் பற்றியும் படிக்கும்போது டி மார்கன் விதிகள் இரண்டினை நாம் அனைவரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். அவ்விதிகளைத் தந்தவர் அகஸ்டஸ் டி மார்கன். நான் சொல்ல வந்தவர் அவருடைய தம்பி. அண்ணனுடைய புகழ் உலகறிந்தது. தம்பியின் பெயரோ மருத்துவர்களின் நாவில் நாள்தோறும் வழங்குகிறது; ஆனால் அவர் யார், என்ன செய்தார் என்பதை அவர்களுள்ளும் பலர் அறியார்.

உயிர்வேதியியல் பயிலும் முதுகலை மாணவனாகிய நான் இவரைத் தேடிச் சென்றதற்குக் காரணம் என் அன்னையார். அதனை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அன்னையின் அச்சம்

சென்ற ஆண்டு பொங்கல் கழிந்த சில நாட்களில், என் அன்னையார் மதுரையிலிருந்து இரவுப் பேருந்தில் பெங்களூருக்கு வந்தார்கள். நான் சாந்திநகர் நிலையத்தில் காத்திருந்தேன். வழக்கமாக இறங்கியதும் நான் இளைத்துவிட்டேன் என்று கடிந்துகொள்ளும் அன்னையார், அன்று ஒன்றும் பேசவில்லை. அறைக்கு வந்து காப்பி குடித்த பிறகு, ஓசூர்ச் சாலையில் வரும்போது கிதுவாய்ப் புற்றுநோய் மருத்துவமனையின் பெயர்ப் பலகையைக் கண்டதாகவும், அங்கே போவதற்கு எந்தப் பேருந்தில் ஏறவேண்டும் என்றும் கேட்டார்கள். எனக்கு நெஞ்சு திடுக்கிட்டது.

பிறகு மெல்லத் தம் மேற்கையைக் காட்டினார்கள். அங்கே மிளகிலும் சிறியனவாய் நான்கு செம்புள்ளிகள் இருந்தன. வயிற்றிலும் மார்பின் மேற்புறத்திலும் இன்னும் பத்துப் பன்னிரண்டு இருப்பதாகச் சொன்னார்கள். வலி இல்லை, அரிப்பு இல்லை. ஆனால் இத்தகைய செம்புள்ளிகள் உடம்பினுள் புற்றுநோய் இருப்பதற்கு அடையாளம் என்று உறவினர் ஒருவர் கைப்பேசியில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். அதனைப் படித்த நாள் முதல் அன்னையார்க்கு உறக்கம் இல்லை. என் பாட்டியார் இருந்திருந்தால், சிவப்பு மச்சம் வந்தால் யோகம் வரும் என்று சொல்லியிருப்பார். ஒரு தலைமுறைக்கு யோகமாய் இருந்தது மறு தலைமுறைக்கு எமனாய்த் தோன்றியது!

அன்னையாரின் அச்சத்திற்கு வேறொரு காரணமும் உண்டு. அவர்களுடைய தமக்கையார், என் பெரியம்மா, மார்பகப் புற்றுநோயால் இறந்தவர். நான் அப்போது பள்ளி மாணவன். மார்பில் நெல்லிக்காய் போன்ற ஒரு கட்டி இருப்பதை அவர் ஓராண்டுக்குமேல் எவரிடமும் சொல்லவில்லை. வலிக்காத கட்டி என்ன செய்துவிடும் என்று இருந்துவிட்டார். அக்குளிலும் கட்டிகள் தோன்றிய பிறகுதான் வீட்டாருக்குத் தெரிந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

அந்தச் செம்புள்ளிச் செய்தி எங்கிருந்து பிறந்தது என்று அறிய நான் நூலகத்திற்குச் சென்றேன். ஒரு நூலிலிருந்து மற்றொரு நூலாகப் பின்னோக்கிச் சென்றபோது, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த காம்பெல் டி மார்கனிடம் வந்து நின்றேன். அவருடைய குடும்பத்தின் கதை மதுரையைத் தொட்டு நிற்பதைக் கண்டபோது என் வியப்பு இரட்டிப்பாயிற்று.

மதுரையில் ஒரு தொட்டில்

டி மார்கன் குடும்பத்தின் தலைவர் ஜான் டி மார்கன். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் பணிபுரிந்த அதிகாரி. அவருடைய மகன் அகஸ்டஸ் 1806-ஆம் ஆண்டு சூன் 27-ஆம் நாள் மதுரையில் பிறந்தார். அக்குழந்தை பிறந்து இரண்டு வாரங்கள் நிரம்புமுன், சூலை 10-ஆம் நாள், வேலூர்க் கோட்டையில் சிப்பாய்ப் புரட்சி வெடித்தது. குழந்தைக்கு ஏழு மாதம் ஆனபோது குடும்பம் கப்பலேறி இங்கிலாந்து சென்றது. வைகைக் கரையில் பிறந்த குழந்தை பின்னாளில் இலண்டனில் கணிதப் பேராசிரியராகி உலகப் புகழ் பெற்றது. மதுரையில் பிறந்து வளர்ந்த எனக்கு இச்செய்தியை எந்த ஆசிரியரும் சொன்னதில்லை.

காம்பெல் 1811-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் மாவட்டத்தில், கிளவெல்லி என்னும் கடற்கரைச் சிற்றூரில் பிறந்தார். மூன்று ஆண்மக்களுள் அவரே இளையவர். தந்தையின் பணியோ மீண்டும் இந்தியாவில் அமைந்தது. 1816-இல் நோயுற்றுத் தாயகம் திரும்பும் வழியில், செயின்ட் எலினா தீவை அடுத்த கடலில் தந்தை இறந்தார். அப்போது காம்பெலுக்கு ஐந்து வயதும் நிரம்பவில்லை. தந்தையின் முகம் அவர் நினைவில் எவ்வளவு நின்றிருக்குமோ! பொருள் தேடக் கடல் கடந்து போனவர் திரும்பி வராத துயரம் தமிழராகிய நமக்குப் புதியதன்று. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் போனவர்களை எண்ணி அழுத வீடுகள் நம் நாட்டில் எத்தனை எத்தனை!

மாணவரும் ஆசிரியரும்

காம்பெல் இலண்டன் பல்கலைக் கல்லூரியில் பயின்றார். அவருடைய அண்ணன் 1828-இல், இருபத்திரண்டாம் வயதில், கணிதப் பேராசிரியராய் அமர்ந்த கல்லூரி அதுவே. அண்ணன் எண்களையும் குறிகளையும் நாடினார். தம்பி மனித உடலை நாடினார். பின்னர் காம்பெல் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் சேர்ந்து அறுவைத் தொழில் கற்றார். கற்ற இடத்திலேயே பணி ஏற்றார். 1842-இல் துணை அறுவை மருத்துவர் ஆனார். பின்னர் முழுப் பொறுப்புடைய அறுவை மருத்துவர் ஆனார். அம்மருத்துவமனையைச் சார்ந்து 1835-இல் தோன்றிய மருத்துவக் கல்லூரியில் பல்லாண்டுகள் பாடம் சொன்னார். மாணவராய் நுழைந்த மருத்துவமனையை அவர் இறுதிவரை விட்டு நீங்கவில்லை.

அவருடைய முதற்பெரும் ஆராய்ச்சி எலும்பைப் பற்றியது. பல் மருத்துவ அறிஞர் ஜான் டோம்ஸ் என்பவரோடு சேர்ந்து, எலும்பை மெல்லிய தகடுகளாய் அறுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். 1853-இல் அக்கட்டுரை அரச கழகத்தின் இதழில் வெளிவந்தது. எலும்பு கல்லைப்போல் ஒருமுறை அமைந்து நின்றுவிடுவதன்று. பழைய எலும்பு இடத்திற்கு இடம் கரைந்துபோக, அவ்விடத்தில் புதிய எலும்பு படிகிறது. வாழ்நாள் முழுதும் அவ்வேலை நடந்துகொண்டே இருக்கிறது. இவ்வுண்மையை நுண்ணோக்கியில் கண்டு விளக்கிய முன்னோடிகளுள் அவ்விருவரும் அடங்குவர். 1861-இல் காம்பெல் அரச கழகத்தின் உறுப்பினராய்த் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஓர் அறிவியலாளருக்கு அந்நாட்டில் அது பெருஞ்சிறப்பு.

நீங்காத நோயாளிகள்

அவர் பணிபுரிந்த மருத்துவமனையின் தனிச்சிறப்பு ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பிற மருத்துவமனைகள் தீரா நோய் உடையோரை ஏற்கத் தயங்கிய காலம் அது. மிடில்செக்ஸ் மருத்துவமனையில் 1792-ஆம் ஆண்டிலேயே புற்றுநோயாளருக்கென்று ஒரு கூடம் திறக்கப்பட்டது. சாமுவேல் விட்பிரெட் என்னும் செல்வர் அதற்குப் பொருள் உதவினார். அங்கே சேர்ந்த நோயாளியை, நோய் தீரவில்லை என்று வெளியே அனுப்புவது வழக்கமில்லை. விரும்பும்வரை, உயிர் பிரியும்வரைகூட, அவர் அங்கே தங்கலாம்.

இதனால் காம்பெல் டி மார்கனுக்கு மற்ற மருத்துவர்க்குக் கிட்டாத வாய்ப்புக் கிட்டியது. அறுத்துக் கட்டி அனுப்பிவிட்டால் அதற்குப் பிறகு நோயாளிக்கு என்ன நேர்ந்தது என்று மற்றவர்கள் அறியார். அவரோ ஒரே நோயாளியை மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் கண்டார். கட்டி முதலில் எங்கே தோன்றியது, அடுத்து எங்கே பரவியது, அறுத்த இடத்தில் எப்போது மீண்டது, இறந்த பின் உடலினுள் எங்கெங்கே காணப்பட்டது என்பனவற்றை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாய்த் தொடர்ந்து அறிய முடிந்தது.

அக்காலத்து மருத்துவ உலகில் ஒரு பெரும் கொள்கை ஆட்சி செய்தது. புற்றுநோய் உடல் முழுவதையும் பற்றிய கேடு; இரத்தமே கெட்டுவிட்டது; கட்டி அக்கேட்டின் வெளித்தோற்றம் மட்டுமே என்பது அக்கொள்கை. அதன்படி பார்த்தால், கட்டியை அறுப்பதில் பயன் இல்லை. வேர் உடல் எங்கும் இருக்கும்போது கிளையை வெட்டி என்ன பயன்? நோயாளி விரைந்து வந்தாலும் ஒன்றே. தாமதித்து வந்தாலும் ஒன்றே.

காம்பெல் டி மார்கன் தம் கூடத்தில் கண்ட உண்மைகள் அதற்கு மாறாய் இருந்தன. கட்டி ஓரிடத்தில் தொடங்குகிறது. பிறகு அருகில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்குச் செல்கிறது. அதன் பிறகே தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவுகிறது. அதே மருத்துவமனையில் பணியாற்றிய சார்ல்ஸ் மூர் என்பவரும், அறுவைக்குப் பின் நோய் பெரும்பாலும் பழைய தழும்பின் அருகிலேயே மீள்வதைக் கண்டு, அஃது அறுவையில் எஞ்சி நின்ற பகுதியிலிருந்து வளர்வதே என்று 1867-இல் எழுதினார். ஓரிடத்தில் தொடங்கும் நோயாயின், அது பரவுமுன் அவ்விடத்தை முற்றும் அகற்றினால் உயிரைக் காக்கலாம் அன்றோ? எனவே நோயாளி காலம் தாழ்த்தாமல் வரவேண்டும். மருத்துவரும் காலம் தாழ்த்தாமல் அறுக்கவேண்டும். இதுவே அவர் வாழ்நாள் முழுதும் வற்புறுத்திய முடிவு.

அறுத்த புண்ணைத் துத்தநாகக் குளோரைடு கரைசலால் கழுவும் முறையையும் அவர் கையாண்டு, 1866-இல் அதனைப் பற்றி எழுதினார். புண்ணில் சிதறி நிற்கக்கூடிய நோய்க்கூறுகளை அழிப்பது அவர் நோக்கம். அம்முறை புண் அழுகாமலும் காத்தது. லிஸ்டர் தம் புகழ்பெற்ற கார்பாலிக் முறையை வெளியிட்டது அடுத்த ஆண்டில். டி மார்கனின் கரைசலையும் லிஸ்டர் பின்னர்ச் சில அறுவைகளில் பயன்படுத்தினார்.

1872-இல் புற்றுநோயின் தோற்றத்தைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. 1874-இல் இலண்டன் நோயியல் கழகம் இப்பொருளைப் பற்றிப் பெரியதொரு சொற்போரினை நடத்தியது. அதனைத் தொடங்கிவைத்தவர் காம்பெல் டி மார்கன். எதிர்ப்பக்கத்தில் நின்றவர் சர் ஜேம்ஸ் பேஜட். அந்நாட்டு அறுவை மருத்துவர்களுள் அவருக்கு இணையான செல்வாக்கு உடையவர் சிலரே. அத்தகையவரை எதிர்த்து நிற்பதற்குத் துணிவு வேண்டும். அன்று கழகம் ஒரு முடிவுக்கு வரவில்லை. காலம் டி மார்கனின் பக்கம் தீர்ப்பு அளித்தது. இன்று புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறிய வேண்டும் என்று உலகெங்கும் நடைபெறும் பணிகளுக்கெல்லாம் அடிப்படை, நோய் ஓரிடத்தில் தொடங்குகிறது என்னும் அக்கருத்தே.

செம்புள்ளி தந்த மயக்கம்

இனிச் செம்புள்ளிக்கு வருவோம். புற்றுநோயாளரை உற்று நோக்கிய காலத்தில், அவர்கள் பலருடைய மார்பிலும் வயிற்றிலும் முதுகிலும் சிறு செம்புள்ளிகள் இருப்பதை அவர் கண்டார். கண்டதைச் செம்மையாய் விவரித்தார். அவை புற்றுநோயோடு தொடர்புடையனவாய் இருக்கக்கூடும் என்றும் எண்ணினார். ஜெர்மனியில் லேசர், பிரான்சில் திரேலா என்னும் அறுவை மருத்துவர்களும் இவ்வகைப் புள்ளிகளைப் புற்றுநோயாளரிடம் கண்டு அவ்வாறே கருதினர்.

அவர்கள் கண்டது மெய், கருதியது பிழை. பின்வந்தோர் புற்றுநோய் உடையோரையும் இல்லாதோரையும் வயதுவாரியாய் ஒப்பிட்டுப் பார்த்தனர். செம்புள்ளிகள் இரு சாராரிடமும் இருந்தன. முப்பது வயதுக்குமேல் தோன்றி, வயது ஏற ஏறப் பெருகுவது அவற்றின் இயல்பு. முதியோருள் பெரும்பாலோர்க்கு ஒன்றிரண்டேனும் இருக்கும். புற்றுநோய்க் கூடத்தில் கிடந்தோரும் பெரும்பாலும் நடுவயது கடந்தோரே. அவர்கள் உடலை மருத்துவர் நாள்தோறும் பார்த்தார். அதே வயதுடைய நலமான மனிதர் எவரும் சட்டையைக் கழற்றி அவர்முன் நிற்கவில்லை. ஒப்பிட மறு தொகுதி இல்லாமல் எண்ணினால் எவ்வளவு கூரிய கண்ணும் ஏமாறும். ஆய்வுக்கூடத்தில் ஒப்பீட்டுக் குழாய் ஒன்றினை வைக்க மறந்து, ஆசிரியரிடம் வசவு வாங்கிய என் போன்ற மாணவர்க்கு இப்பாடம் நன்றாய் விளங்கும்.

எனக்கு வியப்பளித்தது இன்னொன்று. நோய் உடல் முழுவதற்கும் உரியதன்று, ஓரிடத்தில் பிறப்பது என்று வாதிட்ட அதே அறிஞர், உடல் முழுவதும் சிதறிய புள்ளிகளை அந்நோயின் துணையாய் எண்ணினார். அவர் ஒரு கையில் உண்மையை ஏந்தினார். மறு கையில் பிழையை ஏந்தினார். உலகம் அவர் பெயரைப் பிழையின்மேல் பொறித்து வைத்தது! ஆங்கில மருத்துவ மாணவர்கள் இன்றும் இப்புள்ளிகளைக் காம்பெல் டி மார்கன் புள்ளிகள் என்றே கற்கின்றனர். ஆயினும், புற்றுநோய் ஓரிடத்தில் தொடங்கும் என்பதற்கு அவர் பெயர் இடப்படவில்லை.

புள்ளியை அறிவது எப்படி?

அன்னையாரை நான் ஒரு தோல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அம்மையார் கன்னடர், தமிழும் நன்றாய்ப் பேசினார். அவர் செய்த சோதனை பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவர் விளக்கியதையும் நான் பின்னர்ப் படித்ததையும் சேர்த்து நண்பர்களுக்குச் சொல்கிறேன்.

செம்புள்ளியின் மற்றொரு பெயர் செர்ரி ஆஞ்சியோமா. தோலின் மேலடுக்கிற்குச் சற்றுக் கீழே நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகி விரிந்து ஒரு முடிச்சாய் நிற்பதே அது. ஒரு மில்லிமீட்டர் முதல் ஐந்து மில்லிமீட்டர்வரை இருக்கும். சிவந்து, வழவழப்பாய், சிறிது மேடாய் இருக்கும். கண்ணாடித் தகட்டால் அழுத்தினால் நிறம் ஓரளவு வெளுக்கும், முற்றும் மறையாது. நம் போன்ற மாநிற, கருநிற உடம்பில் கருஞ்சிவப்பாகவும் தோன்றும். அதனால் மச்சமோ என்று மயங்க இடமுண்டு. சில வேளை உள்ளே இரத்தம் உறைந்து புள்ளி கறுத்துவிடும். அப்போது மருத்துவரும் எச்சரிக்கை கொள்வார். டெர்மடோஸ்கோப் என்னும் ஒளியுள்ள உருப்பெருக்கிக் கருவியை வைத்துப் பார்த்தால், வெண்மையான வரம்புகளுக்கு இடையே சிறு சிறு செந்நீர்க் குளங்கள் போன்ற தோற்றம் தெரியும். மருத்துவர் அதனை அன்னையாருக்கும் காட்டினார். வயலில் பாத்தி கட்டினாற்போல் இருக்கிறதே என்று அன்னையார் வியந்தார்கள். அன்றுதான் அவர்கள் முகத்தில் சிரிப்பைக் கண்டேன்.

இரத்தக் குழாய்களால் ஆகும் தீங்கற்ற வளர்ச்சிகள் வேறு சிலவும் உள்ளன. சிலந்திக்கால் போல் நடுவிலிருந்து கிளை பிரியும் சிவப்புப் பொட்டு ஒருவகை. நடுப்புள்ளியை அழுத்தினால் கிளைகள் வெளுக்கும். விட்டதும் நடுவிலிருந்து இரத்தம் பாய்ந்து நிரம்பும். ஒன்றிரண்டு இருந்தால் கவலையில்லை. திடீரெனப் பல தோன்றினால் கல்லீரலைச் சோதிக்க வேண்டும். கருவுற்ற பெண்டிர்க்கும் இது தோன்றி மறைவதுண்டு. முதியோரின் உதட்டில் நீலநிறமாய் மெத்தென்று தோன்றி, அழுத்தினால் வற்றிவிடுவது மற்றொரு வகை. விரிந்த சிரைதான் அது. நகத்தின் கீழே மறைந்திருந்து, குளிர்நீர் பட்டால் உயிர் போகும் வலி தருவது குளோமஸ் கட்டி. குண்டூசியின் தலையால் மெல்ல அழுத்தினால் நோயாளி துடிக்கும் இடம் ஒன்றே ஒன்றாய் இருக்கும். அந்த ஒற்றைப் புள்ளியே அதனைக் காட்டிக் கொடுக்கும். நரம்பு வலி என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் துன்புறுவோர் உளர். அறுத்து எடுத்தால் வலி பெரும்பாலும் முற்றும் நீங்கும்.

இவற்றுள் மிகவும் எச்சரிக்கை வேண்டுவது பயோஜெனிக் கிரானுலோமா. பெயரைக் கேட்டால் சீழ்க்கட்டி என்று தோன்றும். உண்மையில் அதில் சீழும் இல்லை. விரலிலோ உதட்டிலோ ஈற்றிலோ சில வாரங்களில் வளர்ந்து, தொட்டால் இரத்தம் கொட்டும் செந்நிறக் கொழுந்து அது. அதுவும் தீங்கற்றதே. ஆனால் நிறமற்ற மெலனோமா என்னும் கொடிய புற்றுநோயும் அதே கோலத்தில் வரக்கூடும். ஆகவே வளர்ந்தோரிடம் அதனை அகற்றினால், அகற்றிய தசையைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பியே ஆக வேண்டும். குதிரைவால் முடியைக் கட்டி உதிர்ப்பதும், சுண்ணாம்பு வைத்துச் சுடுவதும், உதிர்ந்ததைக் குப்பையில் எறிவதும் நம் ஊர்களில் காணும் வழக்கங்கள். எறிந்தது எது என்று பிறகு எவரால் சொல்ல முடியும்?

கண்ணால் பார்த்தும், விரலால் அழுத்தியும், எப்போது தோன்றிற்று, எவ்வளவு விரைவில் வளர்ந்தது, வலி உண்டா, குருதி கசிகிறதா என்று கேட்டும் பெரும்பாலானவற்றை அறிந்துவிடலாம். எஞ்சிய ஐயத்தைத் தீர்ப்பது நுண்ணோக்கி. வடிவம் மாறுவது, நிறம் மாறுவது, விரைந்து வளர்வது, ஆறாமல் குருதி கசிவது ஆகிய இவை மருத்துவரை நாடவேண்டிய அறிகுறிகள்.

இறுதி நாட்கள்

காம்பெல் டி மார்கனின் முடிவும் அவர் வாழ்வைப் போன்றதே. 1876-ஆம் ஆண்டின் இளவேனிற்காலத்தில், அவருடைய நெடுநாள் நண்பரான சிற்பி ஜான் கிரகாம் லஃப் நோயுற்றார். டி மார்கன் நண்பரின் படுக்கையருகே இருந்து பணிவிடை செய்தார். ஏப்ரல் 8-ஆம் நாள் நண்பர் இறந்தார். பணிவிடை செய்த மருத்துவரை நுரையீரல் அழற்சி பற்றியது. நான்கு நாட்களில், ஏப்ரல் 12-ஆம் நாள், தம் அறுபத்து நான்காம் வயதில் அவரும் இறந்தார். மிடில்செக்ஸ் மருத்துவமனையும் இன்று இல்லை. 2005-இல் அது மூடப்பட்டது.

நண்பர்களே! அன்று அத்தோல் மருத்துவர் செம்புள்ளிகளைப் பார்த்து முடித்தபின், அவற்றை நீக்கத் தேவையில்லை என்றும், அழகு கருதி வேண்டுமானால் மின்சூட்டாலோ லேசர் ஒளியாலோ நீக்கலாம் என்றும் சொன்னார். பிறகு குடும்பத்தில் எவர்க்கேனும் புற்றுநோய் இருந்ததா என்று கேட்டார். அன்னையார் தயங்கித் தயங்கிப் பெரியம்மாவின் கதையைச் சொன்னார்கள். அப்படியானால் மார்பகப் பரிசோதனை செய்துகொண்டது எப்போது என்று கேட்டார். அன்னையார் தலைகுனிந்தார்கள். ஒருமுறையும் செய்துகொண்டதில்லை. ஒன்றும் செய்யாத புள்ளிக்காக நானூறு கிலோமீட்டருக்குக் குறையாத வழி வந்தவர், செய்யவேண்டிய சோதனைக்கு அடுத்த தெருவுக்கும் போனதில்லை. நானும் அறிவியல் பயின்றவன், ஒருநாளும் கேட்டதில்லை. அன்னையிடம் அதைக் கேட்க மகனுக்கு நாணம்; மகனிடம் சொல்ல அன்னைக்கு நாணம். பெரியம்மாவைக் கொன்றது அந்த நாணமும்தான்.

அந்த வாரத்திலேயே பரிசோதனை நடந்தது. குறை ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. அன்று மாலை அன்னையார் ஊருக்குப் பேசினார்கள். என் சிற்றன்னையரையும், பெரியம்மாவின் மகள்களையும் பெயர் சொல்லிச் சொல்லிப் பரிசோதனைக்குப் போகுமாறு வற்புறுத்தினார்கள். உறவினர் அனுப்பிய செய்தியைப் பற்றி யாரோ கேட்டபோது, அது வயதுக்கு வரும் புள்ளி என்று அன்னையார் கூறியது என் காதில் விழுந்தது.

காம்பெல் டி மார்கனின் பிழை நூற்றைம்பது ஆண்டுகள் கடந்து, கைப்பேசி வழியே மதுரைக்கு வந்து சேர்ந்தது. அவர் கண்ட உண்மையோ எங்கள் வீட்டிற்கு வருவதற்குள் பெரியம்மா போய்விட்டார். நாம் கற்றவர்கள். கடல் கடந்தோ மலை கடந்தோ பிழைப்புக்கும் படிப்புக்கும் வந்தவர்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது இனிப்பும் துணியும் வாங்கிச் செல்கிறோம். அவற்றோடு இந்த உண்மையையும் எடுத்துச் செல்வோம். செம்புள்ளியைக் கண்டு அஞ்சவேண்டாம். வலிக்காத கட்டியை அலட்சியம் செய்யவேண்டாம் என்று நம் அன்னையர்க்கும் அத்தையர்க்கும் நாணமின்றிச் சொல்வோம். மிடில்செக்ஸ் மருத்துவமனையின் கூடத்தில் இறந்துபோன எத்தனையோ பேரைக் கண்டு கலங்கி, விரைந்து வாருங்கள் என்று மன்றாடிய அந்த மருத்துவர்க்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு அதுவே.